உயிலில் ஓர் அறக்கட்டளை: சொத்தில் ஒரு பங்கைப் பொதுக்காரியத்துக்கு விட்டுச்செல்ல முழுமையான வழிகாட்டி

என் பெரியப்பா எழுதிய உயிலின் கடைசிப் பத்தியில் ஒரே ஒரு வரி இருந்தது: "மீதமுள்ள தொகையைத் தர்ம காரியங்களுக்குச் செலவிடவும்." அவருக்குப் பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்குத்தான் அந்தப் பணம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் உயிலில் அது இல்லையே. சித்தப்பா கோயில் திருப்பணி என்றார். அத்தை முதியோர் இல்லம் என்றார். வேறு சிலர் பேசாமல் இருந்தார்கள், அந்த மௌனத்துக்கும் அர்த்தம் இருந்தது. ஆறு வருடம் பணம் வங்கியில் கிடந்தது. அந்த ஆறு வருடத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட ஃபீஸ் கட்டவில்லை.

வழக்கறிஞரிடம் போனபோதுதான் இது பழைய சிக்கல் என்று தெரிந்தது. 1899இலேயே, அன்றைய இந்திய வழக்குகளுக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், உயிலில் வெறுமனே "தர்மம்" என்று எழுதி விட்டுச்சென்ற சொத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்தச் சொல்லுக்குத் தெளிவான எல்லை இல்லை, நீதிமன்றத்தால் அதை நடத்திவைக்க முடியாது, ஆகவே அந்த ஏற்பாடு செல்லாது என்பதே தீர்ப்பு. செல்லாது என்றால் பணம் வாரிசுகளுக்குப் போகும். எங்கள் வீட்டில் கடைசியில் வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, படிப்புக்கென ஓர் அறக்கட்டளை தொடங்கினோம். நல்லபடியாக முடிந்தது. ஆனால் அது பெரியப்பாவின் உயிலால் நடந்ததல்ல, மற்றவர்களின் மனத்தால் நடந்தது. இந்த வழிகாட்டியை எழுத அதுதான் காரணம்.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அறக்கட்டளை வைக்க நினைத்தால், அதை உயிரோடு இருக்கும்போதே, சின்னத் தொகையில் தொடங்கிவிடுங்கள். பெரிய சொத்தை அதற்கு உயில் மூலம் விட்டுச்செல்லுங்கள். ஏன் என்பது படிப்படியாகப் புரியும்.

தொடங்குமுன்: எதற்காக இதைச் செய்கிறோம்?

இணையத்தில் தேடினால் வருவதில் பாதி அமெரிக்கக் கட்டுரைகள். அங்கே இறந்தவரின் சொத்துக்கு மத்திய அரசு வரி விதிக்கிறது. அந்த வரியைக் குறைக்கவும், ஆயுள் முழுக்க வருமானம் வாங்கிக்கொண்டு மிச்சத்தைத் தர்மத்துக்கு விடவும் அவர்களுக்குத் தனி வகை டிரஸ்ட்டுகள் உண்டு. அதை இங்கே அப்படியே பொருத்தக்கூடாது. இந்தியாவில் 1953இல் வந்த எஸ்டேட் டியூட்டி 1985இலேயே எடுக்கப்பட்டுவிட்டது. நம்மிடம் மரண வரி கிடையாது. ஆகவே "வாரிசு வரியை மிச்சப்படுத்த டிரஸ்ட்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பாதி குடும்பத்துக்கு, பாதி தர்மத்துக்கு என்று ஒரே டிரஸ்ட்டில் கலந்து எழுதினால் வருமான வரி விலக்கும் கிடைக்காது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் வருமுன் தோன்றிய டிரஸ்ட்டுகளுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை இருந்தது. குடும்பத்துக்கு ஓர் ஏற்பாடு, பொதுக்காரியத்துக்கு வேறோர் ஏற்பாடு. இரண்டையும் ஒரே பானையில் போடாதீர்கள்.

சரி, வரி இல்லை என்றால் அறக்கட்டளையால் என்ன பயன்? ஒன்று, நிரந்தரம். குடும்பத்துக்காக வைக்கும் தனியார் டிரஸ்ட்டுக்குச் சட்டத்தில் கால வரம்பு உண்டு. பொதுமக்களுக்காக வைக்கும் தர்மத்துக்கு அந்த வரம்பு இல்லை. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டமே இந்த விதிவிலக்கைத் தருகிறது. இன்னொன்று, நீங்கள் சொன்ன காரியத்துக்கு மட்டுமே அந்தப் பணம் போக வேண்டும் என்ற கட்டு.

படி 1: எது உங்களுடையது என்று பட்டியல் போடுங்கள்

ஒரு நோட்டை எடுத்து எழுதுங்கள். வீடு, மனை, நிலம், வைப்புத்தொகை, பங்குகள், நகை, காப்பீடு. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது நீங்கள் சம்பாதித்ததா, பூர்வீகமா என்று எழுதுங்கள். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டும்தான் உயிலில் எழுத முடியும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கான 1989 திருத்தமும், நாடு முழுவதற்குமான 2005 திருத்தமும் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்துவிட்டன. "தங்கைக்குத்தான் சீர் செய்தாயிற்றே" என்று அவள் பங்கையும் சேர்த்து அறக்கட்டளைக்கு எழுதினால், அந்தத் தர்மம் முதல் நாளே கோர்ட்டுக்குப் போகும்.

வங்கியில் நாமினி போட்டிருக்கிறோம், அதுவே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வங்கிக் கணக்கின் நாமினி பணத்தை வாங்கி உரியவரிடம் சேர்க்கும் பொறுப்பாளர்தான். உயிலில் என்ன இருக்கிறதோ அதுதான் உரிமையைத் தீர்மானிக்கும். ஆனால் நாமினி ஒருவர், உயிலில் வேறொருவர் என்று வைத்தால் வீண் வம்பு. இரண்டும் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயுள் காப்பீட்டில் 2015க்குப் பிறகு மனைவி, கணவர், பிள்ளைகள், பெற்றோர் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே உரியது. அதைக் குடும்பத்துக்கு என்றே விட்டுவிடுங்கள்.

சமயத்தைப் பொறுத்தும் வேறுபாடு உண்டு. முஸ்லிம்கள் உயில் மூலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க வாரிசுகளின் சம்மதம் வேண்டும். உயிரோடு நல்ல நிலையில் இருக்கும்போது வக்ஃபு செய்வது இதிலிருந்து வேறு. கிறிஸ்தவர்களுக்கு முன்பு ஒரு விநோதமான தடை இருந்தது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை பிள்ளைகளோ அவர்களைவிட நெருங்கிய உறவோ இருந்தால், சாவுக்குப் பன்னிரண்டு மாதம் முன்பே உயில் எழுதி, ஆறு மாதத்துக்குள் ஒப்படைத்திருந்தால்தான் தர்மத்துக்கு எழுதியது செல்லும். 2003இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. பழைய தலைமுறையில் பலருக்கு இது இன்னும் தெரியாது.

படி 2: முதலில் குடும்பம்

மனைவியோ கணவரோ கடைசிவரை எங்கே இருப்பார், மருந்துச் செலவுக்கு என்ன வரும் என்பதற்குப் பதில் எழுதாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். உங்களுக்கே மருத்துவச் செலவு வரும். அறக்கட்டளைக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது. கேட்கலாம் என்று பத்திரத்தில் எழுதினால் வரி விலக்கே போய்விடும்.

நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. "என் மனைவி ஆயுள் உள்ளவரை வீட்டை அனுபவிக்க வேண்டியது, அவருக்குப் பின் இன்ன அறக்கட்டளைக்குச் சேர வேண்டியது" என்று எழுதுவது. நல்ல எண்ணம்தான். ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இதில் குறுக்கே வரும். மனைவிக்கு ஏற்கெனவே இருக்கும் ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டது என்று ஆகிவிட்டால், ஆயுட்கால அனுபவம் முழு உரிமையாக மாறிவிடலாம். 1977இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறது. முழு உரிமை வந்துவிட்டால் அவர் வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், அறக்கட்டளைக்கு ஒன்றும் போகாது.

இதற்கு நான் பார்த்த எளிய வழி ஒன்று இருக்கிறது. மனைவியின் வாழ்க்கைக்குத் தனியாக, முழு உரிமையோடு, போதுமான பணத்தைக் கொடுத்துவிடுங்கள். தர்மத்துக்கு என்று வேறு சொத்தைக் குறியுங்கள். ஒரே வீடுதான் இருக்கிறது என்றால், கணவன் மனைவி இருவரும் ஒத்த மனத்தோடு ஆளுக்கொரு உயில் எழுதுங்கள். எப்படி எழுதினாலும் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது வழக்கறிஞரை வைத்து எழுதுங்கள்.

அப்புறம், பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்கச் சொல்லவில்லை. ஆனால் அப்பா போன பத்தாம் நாள் வழக்கறிஞர் வாயால் கேட்பதைவிட, அப்பா வாயால் கேட்பது நல்லது. அறக்கட்டளை மேல் வரும் வழக்குகளில் பல, சொல்லப்படாததால் வந்த மனக்கசப்பிலிருந்து வருபவைதான்.

படி 3: சொந்தமாக ஒன்று தேவையா?

எல்லோருக்கும் சொந்த அறக்கட்டளை வேண்டியதில்லை. என் கணக்கு இது. மூலநிதியிலிருந்து, அதாவது செலவழிக்காமல் வட்டிக்காக வைக்கும் முதலிலிருந்து, வருடம் ஒரு லட்சம் ரூபாய்கூட வராது என்றால், ஏற்கெனவே நன்றாக நடக்கும் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை ஒன்றில் உங்கள் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ நிதி வைத்துவிடுங்கள். பரிசுத்தொகை, உதவித்தொகை என்று பல கல்லூரிகள் இப்படி வாங்கி நடத்துகின்றன. கணக்கு எழுதுவது, தணிக்கை, பதிவு புதுப்பிப்பு எல்லாம் அவர்கள் பாடு. அன்னதானமோ பூசையோ வேண்டும் என்றால் கோயிலில் கட்டளை வைக்கலாம். 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்திலேயே அதற்கு இடம் உண்டு.

தொகை பெரியது, நோக்கம் குறிப்பானது, நடத்த நம்பிக்கையான ஆள் இருக்கிறார் என்றால் சொந்த அறக்கட்டளை சரி. அதில் இரண்டு வழி. இப்போதே தொடங்குவது ஒன்று, "என் காலத்துக்குப் பின் இப்படி ஒரு அறக்கட்டளை தொடங்குக" என்று உயிலில் எழுதுவது இன்னொன்று.

இரண்டாவது வழியில் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஊர்ச் சரித்திரமே சாட்சி. பச்சையப்ப முதலியார் 1794இல் தர்மங்களுக்காக உயில் எழுதிவைத்து அந்த ஆண்டே காலமானார். நிறைவேற்ற வேண்டியவர்கள் நிறைவேற்றவில்லை. விவகாரம் அன்றைய சென்னை சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. கோர்ட்டு திட்டம் வகுத்து, அவர் பணத்தில் பள்ளிக்கூடம் திறந்தது 1842இல். அதுதான் பின்னால் பச்சையப்பன் கல்லூரி ஆனது. எத்தனை ஆயிரம் பேர் அங்கே படித்தார்கள் என்பதைப் பார்க்கும்போது மனம் நெகிழ்கிறது. ஆனால் நடுவில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு வீணாகப் போயிற்று என்பதும் உண்மை.

இதற்கு நேர் எதிர் அழகப்பச் செட்டியார். காரைக்குடியில் நிலத்தையும் பணத்தையும் தம் கையாலேயே கொடுத்து, கல்லூரிகளும் மின்வேதியியல் ஆய்வுக்கூடமும் எழுவதைக் கண்ணால் பார்த்தார். ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார்.

நம்மிடம் 300 ஏக்கர் இல்லை. ஆனால் பத்தாயிரம் ரூபாயில் இன்றைக்கே ஓர் அறக்கட்டளை தொடங்கலாம். இரண்டு மூன்று வருடம் நீங்களே நடத்திப் பார்க்கலாம். எந்தப் பையனுக்கு எப்படி உதவித்தொகை தேர்வு செய்வது, யார் பொறுப்பாக இருக்கிறார், யார் கூட்டத்துக்கே வருவதில்லை என்று தெரிந்துவிடும். உங்கள் காலத்துக்குப் பின் உயில் வழியே பணம் வரும்போது, அதை வாங்கிக்கொள்ள பான், வங்கிக் கணக்கு, வரிப் பதிவு எல்லாவற்றோடும் ஓர் அமைப்பு தயாராக நிற்கும்.

படி 4: பத்திரம் எழுதுவது

பொதுத் தர்ம அறக்கட்டளைகளுக்கு 1882ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. மகாராஷ்டிரம், குஜராத் போலப் பொது டிரஸ்ட்டுகள் எல்லாவற்றுக்கும் ஓர் ஆணையர், தனிச் சட்டம் என்ற ஏற்பாடும் தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே இங்கே உங்கள் பத்திரம்தான் வேதம். பின்னால் தகராறு வந்தால் நீதிபதி முதலில் கேட்பது, "பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது?" என்பதுதான்.

நோக்கத்தைச் செய்யக்கூடிய வேலையாக எழுதுங்கள். "கல்விப் பணி" என்று நிறுத்தாமல், "அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து மேற்படிப்புக்குச் செல்லும், வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்களுக்குக் கட்டணம், விடுதி, புத்தகச் செலவு" என்று எழுதுங்கள். கூடவே கொஞ்சம் அகலமான ஒரு வாக்கியமும் வேண்டும். ஐம்பது வருடம் கழித்து அரசே எல்லாக் கட்டணத்தையும் ஏற்றுக்கொண்டால் பணம் எங்கே போவது? "மேற்படி தேவை இல்லாமற்போனால் அதற்கு நெருக்கமான கல்வி உதவிக்கு" என்று ஒரு வழி வையுங்கள்.

எங்கள் ஊர், எங்கள் மாவட்டம் என்று எழுதலாம். எங்கள் சாதிப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று எழுதாதீர்கள். குறிப்பிட்ட மதப் பிரிவுக்கோ சாதிக்கோ மட்டும் பயன்படும் தர்ம அறக்கட்டளைக்கு வருமான வரி விலக்கு கிடைக்காது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் நலனுக்கென்று எழுதுவது அந்தத் தடையில் வராது. சட்டம் போகட்டும், பசியோடு படிக்கும் பிள்ளையிடம் சாதிச் சான்றிதழ் கேட்டுத்தான் சோறு போட வேண்டுமா என்று எனக்குத் தோன்றும்.

அறங்காவலர்கள் மூன்று அல்லது ஐந்து பேர் இருக்கட்டும். எல்லோரும் குடும்பத்தார் வேண்டாம், ஒருவராவது வெளியாள் வேண்டும். ஒரு தலைமை ஆசிரியர், ஒரு மருத்துவர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி என்று உங்களுக்குத் தெரிந்தவர்களைப் போடலாம்; அறங்காவலர்களில் ஒருவராவது ஐம்பது வயதுக்குட்பட்டவராக இருக்கட்டும். உங்கள் வயதுக்காரர்களையே போட்டால் எல்லோரும் ஒரே காலத்தில் தளர்ந்துவிடுவார்கள். ஒருவர் போனால் அடுத்தவரை யார், எத்தனை நாளுக்குள் நியமிப்பது, கூட்டத்துக்கு வராதவரை எப்படி நீக்குவது, வங்கிக் கணக்கில் எந்த இருவர் கையெழுத்து, நிலத்தை விற்க வேண்டி வந்தால் என்ன நடைமுறை, கலைக்க வேண்டி வந்தால் மிச்சம் அதே நோக்கமுள்ள, பதிவுபெற்ற வேறோர் அறக்கட்டளைக்கே போக வேண்டும் என்பது வரை எல்லாம் பத்திரத்தில் இருக்க வேண்டும்.

நம்ப யாருமே இல்லை என்பவர்களுக்கும் வழி உண்டு. 1913ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அஃபிஷியல் டிரஸ்டி என்ற அரசு அதிகாரி இருக்கிறார். அவரை அறங்காவலராக வைக்க முடியும். சமயக் காரியங்களுக்கான டிரஸ்ட்டை அவர் ஏற்க மாட்டார்.

படி 5: பதிவும் வரி விலக்கும்

பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்கள். அறங்காவலர்கள் அடையாள அட்டை, இரண்டு சாட்சிகள், அலுவலக முகவரிக்கான சான்று இவற்றோடு போனால் போதும். தொடக்கத்தில் ரொக்கத்தை மட்டும் காட்டித் தொடங்குங்கள். வீட்டையோ மனையையோ இப்போதே அறக்கட்டளைப் பெயருக்குத் தானமாக எழுதினால், வழிகாட்டி மதிப்பில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். குடும்பத்தாருக்கு எழுதும் செட்டில்மென்டுக்கு உள்ள சலுகை அறக்கட்டளைக்குக் கிடையாது. அதே வீட்டை உயிலில் எழுதினால் முத்திரைத் தீர்வையே இல்லை. அந்த மூன்றரை லட்சத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டலாம்! பெரிய சொத்தை உயிலுக்கு விடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து பான், வங்கிக் கணக்கு. பிறகு வருமான வரித் துறையில் விலக்குக்கான பதிவு. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுப் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்ததால் பிரிவு எண்கள் மாறிவிட்டன. பேச்சில் இன்னும் 12ஏ (அறக்கட்டளைக்கு விலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்குக் கழிவு) என்றுதான் ஆடிட்டர்கள் சொல்கிறார்கள். முதலில் மூன்று ஆண்டுக்குத் தற்காலிகப் பதிவு கிடைக்கும். வேலை தொடங்கிய பிறகு முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது பெரிய அறக்கட்டளைகளுக்கு ஐந்து ஆண்டு, சிறியவற்றுக்குப் பத்து ஆண்டு செல்லும்.

இந்தத் தேதிகளை அறங்காவலர்கள் எல்லோருடைய போனிலும் குறித்துவையுங்கள். புதுப்பிக்க மறந்து பதிவு போய்விட்டால், அறக்கட்டளையின் நிகரச் சொத்து மதிப்பின் மேலேயே உச்ச விகிதத்தில் வரி போடும் விதி இருக்கிறது. வருமானத்தின் மேல் அல்ல, சொத்தின் மேல். ஒரு மறதியில் தர்மமே கரைந்துவிடும்.

80ஜி பற்றி ஒரு தெளிவு. வாழும்போது பணமாகக் கொடுத்தால்தான் கொடுப்பவருக்குக் கழிவு. நிலம், நகை, கட்டடம் கொடுத்தால் இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் இல்லை. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் இல்லை. உயில் மூலம் விடுவதற்கும் இல்லை.

படி 6: உயிலில் எழுத வேண்டிய வரிகள்

இங்கேதான் ஒரே ஒரு சொல் லட்சக்கணக்கில் வித்தியாசம் செய்யும். அந்தச் சொல் "மூலநிதி".

ஒரு கணக்குப் பார்ப்போம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் 25 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையைத் தன் அறக்கட்டளைக்கு விட்டுச்செல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயிலில் "அறக்கட்டளைக்குச் சேர வேண்டியது" என்று மட்டும் எழுதினால், அந்த 25 லட்சம் அந்த ஆண்டின் வருமானமாக எண்ணப்படும். அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே நோக்கத்துக்குச் செலவு செய்ய வேண்டும். 21 லட்சத்து 25 ஆயிரத்தை அவசர அவசரமாகச் செலவழிக்க வேண்டிய நிலை. குறிப்பிட்ட காரியத்துக்கு என்று அறிவித்து ஐந்து ஆண்டுவரை சேர்த்துவைக்க வழி உண்டு, ஆனால் அதற்குப் பிறகு செலவழித்தே ஆக வேண்டும். "மூலநிதியில் சேர்க்க வேண்டும்" என்ற குறிப்பான நிபந்தனை இருந்தால், அதை அனுமதிக்கப்பட்ட முதலீட்டில் போட்டுவைத்து வட்டியை மட்டும் கணக்கில் எடுக்கலாம். 7 சதவீதம் என்றால் வருடம் 1,75,000. அதில் 85 சதவீதம் 1,48,750. அது ஆண்டுதோறும், என்றென்றைக்கும் வரும்.

எழுத வேண்டிய வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"அட்டவணை 'ஆ'வில் விவரித்துள்ள வைப்புத்தொகை முழுவதையும், இன்ன சார்பதிவாளர் அலுவலகத்தில் இன்ன ஆண்டு இன்ன எண்ணாகப் பதிவான இன்ன அறக்கட்டளைக்கு, அதன் மூலநிதியில் சேர்க்க வேண்டும் என்ற குறிப்பான நிபந்தனையுடன் விட்டுச்செல்கிறேன். என் மறைவின்போது அந்த அறக்கட்டளை இயங்காமலோ வரிப் பதிவை இழந்தோ இருந்தால், இதே நோக்கத்துக்குப் பயன்படுத்தும் நிபந்தனையுடன் இன்ன கல்வி நிறுவனத்திடம் என் உயிலை நிறைவேற்றுபவர் ஒப்படைக்க வேண்டும்."

இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். எல்லாம் சரியாக நடக்கும் என்ற நம்பிக்கையில்தான் பெரியப்பாவும் ஒற்றை வரியோடு நிறுத்தினார்.

பங்குகளும் நகையும் இருந்தால் அவற்றை அப்படியே அறக்கட்டளை வைத்திருக்க முடியாது. வந்த நிதியாண்டு முடிந்து ஓராண்டுக்குள் வங்கி வைப்பு, அரசுப் பத்திரம், மியூச்சுவல் ஃபண்டு போன்ற அனுமதிக்கப்பட்ட வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். நிலமும் கட்டடமும் வைத்திருக்கலாம். "இந்தப் பங்குகளை விற்கவே கூடாது" என்று உயிலில் எழுதி அறங்காவலர்களைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். நஞ்சை, புஞ்சை கொடுப்பதாக இருந்தால் 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டத்தை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றவை எல்லா உயிலுக்கும் பொதுவானவை. முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அறங்காவலர்களையே சாட்சியாக வைக்காதீர்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனால் தர்மத்துக்கு எழுதும் உயில் என்றால் கண்டிப்பாகப் பதியுங்கள். எதிர்க்க ஆள் இருக்கும் உயில் அது. வயதானவர் என்றால் அதே நாளில் மருத்துவர் சான்று ஒன்றும் வாங்கிவிடுங்கள்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால்

பாதி வீடுகளில் மகன் டெக்சாஸிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறான். "நானும் மாதாமாதம் டிரஸ்ட்டுக்கு அனுப்புகிறேன்பா" என்பான். மகிழ்ச்சிதான், ஆனால் அவன் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். இன்னும் இந்தியக் குடியுரிமை என்றால், தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியிருந்தால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை கையில் இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்கு மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும், 15 லட்சம் ரூபாய் நோக்கத்துக்குச் செலவிட்டிருக்க வேண்டும். பணமும் முதலில் புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். பதிவில்லாமல் வாங்கினால், அது பெற்ற மகனிடமிருந்து என்றாலும் குற்றமே.

செய்யவே கூடாதது

அறக்கட்டளையை வீட்டுப் பெட்டி போல நினைப்பது. சொத்தை அறக்கட்டளைக்கு எழுதிவிட்டு, மகன் அங்கே வாடகையில்லாமல் குடியிருப்பது, அறக்கட்டளைப் பணத்தில் கார் வாங்கி வீட்டுக்கு ஓட்டுவது, அறங்காவலரின் மச்சினன் மகனுக்கு உதவித்தொகை கொடுப்பது. தொடங்கியவர், அறங்காவலர்கள், பெரிய தொகை கொடுத்தவர்கள், இவர்களின் உறவினர்கள் இவர்களுக்குப் பயன் போனால் விலக்குப் போகும். வரியைவிடப் பெரிய விஷயம், ஊர் நம்பிக்கை போகும். அக்கறையுள்ள இருவர் சேர்ந்து நீதிமன்ற அனுமதியோடு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவின் கீழ் வழக்குப் போட்டால், கணக்குக் கேட்கவும் அறங்காவலரை நீக்கவும் நீதிமன்றத்தால் முடியும். அப்படி ஒரு பிரிவு இருப்பது நல்லதுதான் என்பது என் எண்ணம்.

கடைசியாக, ஒரு கோப்பு

அறக்கட்டளைப் பத்திரம், பான், வரிப் பதிவு ஆணை, அதன் காலாவதித் தேதி, வங்கிப் புத்தகம், உயிலின் நகல், மூலப்பத்திரங்களும் வில்லங்கச் சான்றும் இருக்கும் இடம், ஆடிட்டர் எண், அறங்காவலர்கள் எண். எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். கூடவே, யாருக்காக இதைத் தொடங்கினீர்கள் என்று உங்கள் கையால் ஒரு பக்கம் எழுதிவையுங்கள். சட்டத்தில் அதற்கு மதிப்பில்லை. ஆனால் முப்பது வருடம் கழித்து இரண்டு விண்ணப்பங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அறங்காவலர், அந்தப் பக்கத்தைத்தான் எடுத்துப் படிப்பார். கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று வீட்டில் இரண்டு பேருக்காவது சொல்லிவிடுங்கள். எங்கள் பெரியப்பாவின் உயிலே, அவர் போய் நாலு மாதம் கழித்துத்தான் பழைய பரீட்சைத்தாள் கட்டுக்கு நடுவில் கிடைத்தது.